பெயர் மாற்றப்பட்ட மேலாளர்

"விடுடி. அது நம்ம பை இல்ல."

சின்னவள் விடவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மாணவனின் பை தரையில் கிடந்தது. குனிந்து அதைத் தோளில் மாட்டும் பட்டையைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மாணவன் திரும்பினான்.

"சும்மா பார்த்தேன் தம்பி. புஸ்தகம் ரொம்ப அடைக்காதீங்க. பட்டை பிய்ஞ்சு வந்துடும்."

அவன் சிரித்துவிட்டுப் பையைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டான். சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பெருக்கல் இல்ல," என்றாள் அக்காவிடம்.

பெரியவள் தலையாட்டினாள். பட்டை பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு ஓட்டுவதை அவர்கள் பட்டறையில் பெருக்கல் என்பார்கள். பட்டறை இப்போது இல்லை. இருந்தபோது தையல்காரர்கள் இவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்று கூப்பிட்டார்கள். கணக்கர் வயதில் மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த மேலாண்மைக் கல்லூரியின் வகுப்பறை குதிரை லாடம்போல் வளைந்து, படிப்படியாக உயர்ந்திருந்தது. ஒவ்வொரு மாணவன் முன்னாலும் பேர் எழுதிய அட்டை மடித்து நின்றது. இவர்கள் இருவர் முன்னால் மட்டும் எதுவும் இல்லை. கடைசி வரிசை, கதவோரம். பேராசிரியர் அங்கேதான் உட்காரச் சொல்லியிருந்தார். கேஸில், அதாவது அன்றைய பாடத்தில், வருகிற ஆள் வகுப்பில் இருப்பது கடைசிவரை மாணவர்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மரியாதைக்காக நல்லபடியாகப் பேசிவிடுவார்கள், பாடம் கெட்டுவிடும் என்றார்.

"இவங்க?" என்று அதற்குமுன் வராந்தாவில் அவர் சின்னவளைப் பார்த்துக் கேட்டிருந்தார்.

பெரியவள் வாயைத் திறந்தாள். "தெரிஞ்சவங்க," என்றாள்.

சின்னவள் அவருக்கு வணக்கம் சொன்னாள். அக்காவைப் பார்க்கவில்லை.

ஒரு நிறுவனத்தில் நடந்ததைக் கதைபோல் எழுதி, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மாணவர்கள் அதைப் படித்துவிட்டு வந்து, நானாக இருந்தால் இப்படிச் செய்வேன் என்று வாதாடுவார்கள். அதன் பேர்தான் கேஸ். பட்டறையின் மெஷின்களை வாங்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நாட்களில் பேராசிரியர் வந்தார். மூடுகிற நிறுவனங்களைப் பற்றி எழுதுகிறவர். காலி ஷெட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் பதிவுசெய்துகொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர். பெரியவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரிடமும் தொடர்ந்து பேசியதில்லை.

அவளுக்குப் பேச்சு வராது என்பதல்ல. வேறு யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்று நினைப்பாள். சின்ன வயதில் அப்பாவிடம் எது கேட்க வேண்டுமானாலும் தங்கையைத் தள்ளிவிடுவாள். அப்பா பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார். "நீ போய்க் கேளுடி," என்று கதவுக்குப் பின்னாலிருந்து முதுகில் விரலால் குத்துவாள். சின்னவள் போய் நின்று கேட்பாள். பேனா, சினிமா, டூர். கிடைத்ததில் பாதி அக்காவுக்கு, திட்டு முழுவதும் சின்னவளுக்கு.

கல்யாணம் வேண்டாம் என்று பெரியவள் முடிவுசெய்ததைக்கூட அம்மாவிடம் சொன்னது சின்னவள்தான். "அவ பண்ணிக்கலையாம். நான் வேணா சேர்த்து ரெண்டு பண்ணிக்கறேன்," என்றாள். அம்மா கரண்டியை ஓங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

பை தைக்கலாம் என்ற யோசனை பெரியவளுடையது. எந்தத் துணி எங்கே மலிவு, எந்த மாதம் பள்ளிக்கூடங்கள் வாங்கும், எத்தனை மெஷின் போட்டால் தாங்கும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பையை வடிவமைத்ததும், ஆட்களைப் பழக்கியதும், வெளியே போய்ப் பேசியதும் சின்னவள். முதல் கடை முதலாளியிடம் போனபோது பெரியவள் மாதிரிப் பைகளோடு பின்னால் நின்றாள். முதலாளி பட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சின்னவள் கடையின் இரும்புச் சட்டத்தில் பையை மாட்டி, பட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எடையும் கூடியிருந்தது. கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டே, "பேசிக்கிட்டே இருங்க சார், நான் இறங்கறதா இல்ல," என்றாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். ஆர்டர் கிடைத்தது.

அப்படியே வளர்ந்தார்கள். பிறகு அந்தப் பெரிய கடை வந்தது. எல்லா ஊரிலும் கிளை உள்ள கடை. பையில் அவர்கள் பேர்தான் இருக்கும், தைப்பது மட்டும் இவர்கள். விலை குறைய வேண்டும், அதற்கு ஒற்றைத் தையல் போதும், பெருக்கல் வேண்டாம் என்றார்கள். அதில் வரும் வேலை அதுவரை பார்த்த எல்லா வேலையையும்விட அதிகம். பெரியவள் ஒப்புக்கொண்டாள். கடன் போட்டுப் புது மெஷின்கள் வந்தன.

"பிள்ளைங்க தோள்ல போடறதுக்கா," என்றாள் சின்னவள்.

"பேர் அவங்களுது."

"கை நம்மளுது."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. கீழே போய், பெருக்கல் போட்டே தைக்கச் சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சொல்லவில்லை. ஒரு பைக்கு அரை நிமிஷம்தான் கூடுதல். அத்தனை பைக்கும் சேர்ந்தபோது சரக்கு நாள் தவறியது. கடையிலிருந்து ஒருவர் வந்து, பட்டையைத் திருப்பிப் பார்த்து, கேட்காததை ஏன் தைக்கிறீர்கள் என்றார். கெடு கொடுத்தார். யார் தைக்கச் சொன்னார்களோ அவர் இனி தயாரிப்பில் இருக்கக்கூடாது, அப்படியென்றால்தான் அடுத்த ஆர்டர் என்றார்.

பேராசிரியரின் கேஸ் அந்த இடத்தில்தான் நின்றது.

எழுதி முடித்துக் கொண்டுவந்தபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். இதில் வருகிறவர்கள் சங்கடப்படக்கூடாது, அதற்காகப் பேரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், வேண்டுமானால் ஆளையே மாற்றுவோம். அப்புறம் நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும்.

"தங்கச்சியை மாத்திடுங்க," என்றாள் பெரியவள்.

"எப்படி?"

"வெளியாள்னு போடுங்க. ஆம்பளைன்னே போடுங்க. அவ சங்கடப்படக் கூடாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாத்தலாம் மேடம். ஆனா கேள்வி கொஞ்சம் மாறிடும்."

"பரவாயில்ல."

நிஜமாகவே தங்கைக்காகத்தான் சொல்கிறோம் என்று அவள் நினைத்தாள். கையெழுத்தும் போட்டாள். அப்படித்தான் சின்னவள், எட்டு வருட அனுபவமுள்ள தயாரிப்பு மேலாளர் ஆனாள். மீசையைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

சின்னவளை வகுப்புக்கு வரச் சொன்னதும் பெரியவள் நேரடியாக இல்லை. தங்கை வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அவளையும் வரச் சொல்லுங்க என்றாள். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. ரொம்ப தூரம். சாமான் ஏற்ற லாரி வருவதற்கு முந்தின நாளா என்று அவர் தயங்கினார். பிறகு, "கேட்டுப் பார்க்கறேன். கேஸ்னதும் உங்க மேல யாரோ வழக்குப் போட்டுட்டாங்கன்னு பயந்துட்டா," என்றார்.

தங்கை பயந்தாள் என்பதைப் பெரியவள் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை மூன்று வருடமாக இருவரும் பேசியிருக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோதுகூட ஒருத்தி வந்தால் ஒருத்தி கிளம்பிவிடுவாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இத்தனை படித்த பிள்ளைகளில் ஒருவராவது, அந்த ஆளை அனுப்பாதீர்கள், அனுப்பியது தப்பு என்று சொல்ல வேண்டும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அவள் ஊரைவிட்டுப் போவதற்குள். தன்னால் சொல்ல முடியாதது அப்படியாவது சொல்லப்பட்டுவிடும்.

"யார் ஆரம்பிக்கறீங்க?" என்றார் பேராசிரியர்.

நீலச் சட்டைக்காரன் ஆரம்பித்தான். ஒரே வாடிக்கையாளரை நம்பி இவ்வளவு பெரிய கடன் வாங்கியதே ஆபத்து என்றான். சரியாகச் சொன்னான். பெரியவளுக்கு அது அப்போது தெரியாமல் இல்லை. பலகையில் எழுதிக்கொண்டே பேராசிரியர், "அது போன மாசம் எடுத்த முடிவு. கடன் வாங்கியாச்சு. இன்னைக்குக் காலையில ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருக்கீங்க. மேலாளரை என்ன செய்வீங்க?" என்றார்.

"அனுப்பிடுவேன் சார்."

"நல்ல வேலைக்காரர்."

"நல்லவர்தான். ஆனா அவர் பைக்கு வேலை செய்றார், கம்பெனிக்கு இல்ல."

வகுப்பு சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். "சரியாத்தான் சொல்றான்," என்றாள் மெதுவாக.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, தரம் பற்றிய கவலை நியாயம், ஆனால் சொல்லாமல் செய்ததுதான் துரோகம் என்றாள். துரோகம் என்ற சொல்லைப் பேராசிரியர் பலகையில் எழுதவில்லை. நம்பிக்கை என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார்.

நடு வரிசையில் ஒல்லியான பையன் ஒருவன் வெகுநேரம் கையைத் தூக்கி வைத்திருந்தான். அவனைக் கூப்பிட்டார்.

"பேசிப் பார்க்கலாமே சார். வேற வேலை குடுக்கலாம். எட்டு வருஷம் இருந்திருக்கார். ஒரே நாள்ல எப்படி…"

பெரியவள் நிமிர்ந்தாள். தங்கையின் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"யார் பேசுவாங்க?" என்றார் பேராசிரியர்.

"ஓனரே பேசணும் சார். நேரா."

"கடைக்காரங்க கெடு குடுத்திருக்காங்க."

"தெரியும் சார். ஒரு சந்தேகம். அவர் சொந்தக்காரரா?"

பேராசிரியரின் கண் ஒரு கணம் கடைசி வரிசைக்கு வந்தது. பெரியவள் மேசையைப் பார்த்தாள்.

"கேஸ்ல அப்படி எதுவும் இல்லையே," என்றார்.

"சொந்தக்காரரா இருந்தா யோசிக்கணும் சார். இல்லன்னா…" அவன் தோளைக் குலுக்கினான். "இல்லன்னா அனுப்பிடலாம்."

உட்கார்ந்துவிட்டான்.

பேராசிரியர் கையைத் தூக்கச் சொன்னார். மேலாளரை அனுப்புகிறவர்கள். கைகள் வரிசை வரிசையாக உயர்ந்தன. இவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பைக்காரனும் தூக்கினான். இரண்டாம் வரிசை மூலையில் ஒருத்தி மட்டும் தூக்கவில்லை.

பிறகு இரண்டாம் தாள் வந்தது. உண்மையில் என்ன நடந்தது என்று அரைப் பக்கம். உரிமையாளர் மேலாளரை நீக்கினார். இரண்டு வருடம் கழித்து அந்தக் கடை இன்னும் மலிவாகத் தைக்கும் இடத்துக்குப் போய்விட்டது. நிறுவனம் மூடப்பட்டது. கடைசி வரி, மேலாளர் வேறொரு நிறுவனத்தில் நல்ல பதவியில் சேர்ந்தார் என்றது. அது பெரியவள் சேர்க்கச் சொன்னது.

சின்னவள் விரலால் அந்த வரியைத் தொட்டாள். "நான் எந்தக் கம்பெனியில சேர்ந்தேன்?"

பெரியவள் தன் தாளை இரண்டாக மடித்தாள்.

"நல்ல சம்பளமா?"

வீட்டில் பிளவுஸ் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள் என்பது பெரியவளுக்குத் தெரியும்.

"இன்னொரு விஷயம்," என்றார் பேராசிரியர் முன்னாலிருந்து. "இந்த உரிமையாளர் இப்ப இங்கேதான் இருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. கை தட்டினார்கள். பெரியவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த தாளை மேசையில் வைக்காமலே எழுந்துவிட்டாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. அதே காலை, அதே நாற்காலி. இப்ப அந்த முடிவைத் திரும்ப எடுக்கச் சொன்னா என்ன செய்வீங்க?"

அந்தக் காலை அவளுக்குத் தெரியும். மாடியில் ஆபீஸ் அறைக்குக் கண்ணாடிச் சுவர். கீழே மெஷின் வரிசை முழுவதும் தெரியும். நீக்கிய சேதியைச் சொல்லக் கணக்கரை அனுப்பியிருந்தாள். அவர் சின்னக்கா பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, தலையைத் தலையை ஆட்டிப் பேசினார். ஒவ்வொரு மெஷினாக நின்றது. சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். பெரியவள் கீழே எதையோ எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள். எடுக்க ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது சாவிக் கொத்து கட்டிங் மேசையில் இருந்தது, தங்கை இல்லை.

இப்போது தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மாதிரிதான்.

வாக்கியம் தயாராக இருந்தது. அது மேலாளர் இல்லை, இவள்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மற்றது தானாக வந்துவிடும். ஒல்லிப் பையன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.

"இந்தப் பிள்ளைங்க சொன்னது சரிதான்," என்றாள் பெரியவள்.

கைதட்டல் மறுபடி எழுந்தது, முன்னைவிடப் பலமாக. சின்னவளும் தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

வாசலில் பேராசிரியர் ஒரு பெட்டி கொடுத்தார். கண்ணாடியில் செய்த நினைவுப் பொருள். சின்னவளுக்கும் கை கொடுத்தார், வந்ததற்கு நன்றி என்றார். இருவரும் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. பெட்டி கனத்தது. சின்னவள் கேட்காமலே அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தி கை தூக்கலை, பார்த்தியா?" என்றாள்.

"ம்."

"தூங்கிட்டிருந்தா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளும் சிரித்தாள். பழைய சிரிப்பு, தோள் குலுங்கும். ஒரு நிமிஷம் அப்படி நின்றார்கள்.

"என்னை ஆம்பளையாக்கிட்டே. அதுகூடப் பரவாயில்ல. உன்கூட ஒரே கட்டில்ல படுத்து வளர்ந்தவளைத் தெரிஞ்சவங்கன்னுட்டியே."

"அவர் திடீர்னு கேட்டாரா…"

"சரி விடு." சின்னவள் சாலையைப் பார்த்துப் பேசினாள். "நான் எதுக்கு வந்தேன்னு நினைக்கறே?"

பெரியவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"அந்தப் பையன் சொன்னானே, நேரா பேசணும்னு. அதுக்குத்தான். நான் செஞ்சது தப்புதான் அக்கா. உனக்குத் தெரியாம செஞ்சிருக்கக் கூடாது. நீ அனுப்பினதுலகூட எனக்கு வருத்தமில்ல. கணக்கர் பாவம், அழுதுட்டார் தெரியுமா? நான் அவரைத் தேத்திட்டு வந்தேன். போடின்னு நீ சொல்லியிருந்தா போயிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை உன் வாயால கேட்டுட்டு ஊருக்குப் போகலாம்னு பார்த்தேன். இரு-ன்னோ போ-ன்னோ, ஏதோ ஒன்னு."

பெரியவள் தங்கையின் புடவைத் தோளைப் பார்த்தாள். குத்தியிருந்த பின் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

"பஸ் வருது," என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியை அக்காவின் கையில் கொடுத்தாள். அவள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். ஏறினாள். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றவளின் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது.

மறுநாள் வழக்கமான நாள். பெரியவள் இப்போது ஒரு சலவைக் கடையில் முன்மேசையில் இருக்கிறாள். துணி வாங்கி, சீட்டுப் போட்டு, உள்ளே அனுப்பும் வேலை. காலையில் ஷட்டரைத் திறந்தாள். லாரி வந்துவிட்டது, பீரோ மட்டும் படியில் திரும்ப மாட்டேன் என்கிறது என்று தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். வருகிறீர்களா என்று கேட்டார். கடையில் ஆள் இல்லை என்றாள். ஆள் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் பேராசிரியர் போனில் பேசினார். வகுப்பு நன்றாகப் போனது, வருடா வருடம் இதை நடத்தப் போகிறோம் என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மேலாளரை மறுபடி தங்கை என்று மாற்ற முடியுமா என்று கேட்டாள். மாற்றலாம், ஆனால் அப்படியானால் தங்கையும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களே அவரிடம் கேட்டுவிடுகிறீர்களா என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

போனை மேசையில் வைத்தாள். மதியம் அதை எடுத்துத் தங்கையின் எண்ணைப் பார்த்தாள். லாரி கிளம்பியிருக்கும். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் ஒருவர் ஒரு கோட் கொண்டுவந்தார். அவள் அதை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பட்டன் ஒன்று ஏற்கெனவே இல்லை என்று சீட்டில் எழுதி, அவரிடம் காட்டி, உள்ளே அனுப்பினாள்.